முள் எடுத்த மீன்

ஏப்ரல் 3, வியாழன்

காலை: பாண் (பேக்கரி ரொட்டி) இரண்டு துண்டு, சம்பல். மதியம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. இரவு: இடியப்பம், சொதி, சூடை மீன் பொரியல்.

சர்க்கரை கூடிவிட்டதாம். தின்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொண்டு வரட்டாம் டாக்டர் அம்மா. ஐம்பத்தாறு வயதுச் சமையல்காரனைப் பிடித்து, என்ன தின்றாய் என்று எழுது என்கிறாள். "மனதில் இருப்பதையும் எழுதுங்கள், மன உளைச்சலிலும் சர்க்கரை ஏறும்" என்று வேறு சொன்னாள். எனக்கு ஓர் உளைச்சலும் இல்லை. எழுதச் சொன்னதுதான் உளைச்சல். நான் தமிழில்தான் எழுதுவேன். அவள் வாசித்துக் கிழிக்கட்டும்.

பெயர் பரஞ்சோதி. பாரிஸில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் 'முல்லை' என்ற சாப்பாட்டுக் கடையின் குசினி என் பொறுப்பு. வீடு லா கூர்நெவ்வில், ஐந்தாம் மாடி, லிப்ட் முக்கால்வாசி நாள் வேலை செய்யாது. நாட்டை விட்டு ஓடிவந்த புதிதில் அந்த வீட்டில் எட்டுப் பேர் கிடந்தோம். ஒவ்வொருவனாகக் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டான்கள். மிஞ்சியது நானும் கூட இருக்கிற அறைக்காரரும். அவருடைய பெயர் டாக்டருக்கு எதற்கு? பேக்கரியில் வேலை. மாவு பிசையும் மெசினுக்கு இடது பெருவிரல் நகத்தைக் கொடுத்தவர், அது திரும்ப முளைக்கவே இல்லை. லாச்சப்பலில் அந்த விரலைத் தெரியாத ஆள் கிடையாது.

காணும், இன்றைக்கு இது போதும். நாளைக்கு இவ்வளவு எழுத மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காலை: பாண். மதியம்: கொத்து ரொட்டி (கொஞ்சம்). இரவு: புட்டு, கணவாய்க் கறி. கொத்து ரொட்டி கொஞ்சமில்லை.

முதலாளி தயாளன் குசினிக்குள் வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்தால் என் முதுகு முறியப்போகிறது என்று அர்த்தம்.

"பரமண்ணை, எங்கட கடையில படம் பிடிக்கப் போறாங்கள். பிரெஞ்சுப் படம்! பெரிய டைரக்டராம். கடைக்கு வாடகை தருவாங்கள். சாப்பாடெல்லாம் நீங்கள்தான் சமைச்சுக் குடுக்க வேணும்."

"என்ன படம்?"

"ரெண்டு சிநேகிதர்மாரின்ர கதையாம்."

கண்டறியாத படம். வாடகை அவருக்கு, சட்டி கழுவுவது எனக்கு.

ஏப்ரல் 16, புதன்

காலை: பாண். மதியம்: சோறு, முருங்கைக்காய். இரவு: சாப்பிட்டேன், என்ன என்று ஞாபகம் இல்லை.

டைரக்டர் வந்தாள். கிளோத்தில்ட் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், தலைமயிரைக் கட்டத் தெரியாது, ஆனால் ஆள் மரியாதை. கதை சொன்னாள். லாச்சப்பலில் ஒரு தமிழ்ச் சமையல்காரன். பியானோ திருத்துகிற ஒரு பிரெஞ்சுக்காரன். இருவரும் காதலிக்கிறார்கள்.

"ஆரை?" என்று கேட்டார் முதலாளி.

"ஒருவரை ஒருவர்."

"அப்ப பொம்பிளை எங்க?"

"பொம்பிளை இல்லை" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். வாங்கிய முற்பணத்தில் குளிர் அறையைத் திருத்தி முடித்துவிட்டார் மனுசன், இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை. "ஆருக்கும் கதையைச் சொல்லாதேங்கோ அண்ணை" என்றார். பின்னேரத்துக்குள் லாச்சப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னது அவரேதான்.

வீட்டில் அறைக்காரரிடம் சொன்னேன். டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் கூட்டினார்.

"லீவு போடும்" என்றார்.

"ஏன்?"

"சனம் கதைக்கும்."

"எதைக் கதைக்கும்? நான் நடிக்கிறனே? சமைக்கிறன்."

"ஆரணியின்ர சடங்கு வருகுது. தாய்மாமன் நான். நான்தான் தேங்காய் உடைக்க வேணும், நான்தான் தண்ணி வார்க்க வேணும். அது முடியுமட்டும் எங்கட வீட்டைப் பற்றி ஒரு கதையும் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்."

ஆரணி அவருடைய தங்கை சுகிர்தாவின் மகள். பெரியபிள்ளையானதற்கு மேயில் சாமத்தியச் சடங்கு. அந்தத் தங்கையை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டுக் கலியாணம் கட்டிவைத்தவர் இவர். அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து இந்தச் சடங்குக்காகவே உயிர் வைத்திருக்கிறார். சட்டை வாங்கியாயிற்று, வேட்டி வாங்கியாயிற்று, கண்ணாடிக்கு முன்னால் நின்று தேங்காய் உடைக்கப் பழகாததுதான் மிச்சம்.

எங்கள் வீட்டைப் பற்றி என்ன கதை இருக்கிறது? வாடகை ஒழுங்காகக் கட்டுகிறோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை: ஒன்றுமில்லை. மதியம்: மீன் குழம்பு. பின்னேரம்: அதே மீன் குழம்பு. இரவு: மீனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

சினிமாக்காரர் வந்து இறங்கிவிட்டார்கள். கடை முழுக்க மாவிலைத் தோரணம். மேசையெல்லாம் வாழையிலை. குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறான் ஒரு மீசைக்காரன்.

"குசினியில் எவன் குத்துவிளக்கு வைப்பான்?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் அழகாக விழுகிறது" என்கிறான். கொதிக்கிற சட்டியோடு திரும்பும் போதெல்லாம் என் முழங்கை அதில் இடிபடுகிறது. அந்த அழகு அவனுக்குத் தெரியவில்லை.

சமையல்காரனாக நடிக்கிற பையன் ஜெரோம். தாய் தகப்பன் புதுச்சேரி, இவன் இங்கே பிறந்தவன். நல்ல பிள்ளைதான், ஆனால் யாழ்ப்பாணத் தமிழ் பேச வேண்டுமாம்.

"அண்ணே, 'நீ சாப்டியா'ன்னு சொன்னா ஓகேவா?"

"சாப்பிட்டனீரோ எண்டு சொல்லும்."

"சாப்ட்டானிரோ."

வாய்க்குள் சுடுசோறு கிடக்கிற மாதிரி ஒரு பேச்சு. ஒரே இடத்தை எத்தனை தரம் எடுத்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் புது மீன், புதுச் சோறு, புதுக் குழம்பு. கடைசியில் கிளோத்தில்ட் வந்து, குழம்பு இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருக்க முடியுமா என்று கேட்டாள். மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டேன். பியானோக்காரனாக நடிக்கிற பஸ்தியன் அழுதே விட்டான். அந்த அழுகை நன்றாக இருந்தது, அதையே வைத்துக்கொள்வோம் என்கிறாள் அவள். விசர் கூட்டம்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை: பாண். மதியம்: சோறு, கீரை. இரவு: சோறு, சூடை மீன் தீயல்.

கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். கிளோத்தில்ட் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நாளைக்கு முக்கியமான காட்சியாம். கடை நிறைய ஆட்கள். மூலை மேசையில் இவர்கள் இருவரும். எல்லாருக்கும் முன்னால் ஒரு வார்த்தை பேச முடியாது, தொட முடியாது. ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மேசைக்குக் கீழே கை பிடிக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறாளாம், அவளுக்கே பிடிக்கவில்லையாம்.

"எங்கள் ஆட்கள் மேசைக்குக் கீழே கையைப் பிடிக்க மாட்டார்கள். கையெல்லாம் குழம்பு" என்றேன்.

"அப்படியானால் என்ன செய்வார்கள்?"

எனக்குக் கணவாய் முடிய வேண்டும், அவள் போக வேண்டும். "மீனுக்கு முள் எடுத்து, சதையை மற்றவருடைய தட்டில் வைப்பார்கள். பிறகு தங்கள் பாட்டில் சாப்பிடுவார்கள். வேறு என்ன?"

"எல்லாரும் அப்படிச் செய்வார்களா?"

"எல்லாரும்தான். இதில் என்ன அதிசயம்?"

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு யார் எடுத்துத் தருகிறார்?"

"அறைக்காரர்."

"எவ்வளவு காலமாக?"

வந்த காலத்திலிருந்து என்றேன். விசா இல்லாத முதல் குளிரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் தொண்டையில் முள் குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயம். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னான்கள். இவர்தான் வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து ஊட்டி ஊட்டி முள்ளை இறக்கினார். மற்ற ஆறு பேருக்கு முன்னால் கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு. அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கும் எனக்கு முள் எடுக்காமல் அவர் வாயில் சோறு வைக்க மாட்டார். ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

இதை ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தாள். குசினிக்குள் சிகரெட்! துரத்திவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சாப்பிடவில்லை.

கடைக்குச் சாப்பிட வருகிற ஆட்களாக எங்கள் ஆட்களையே கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பழைய எட்டுப் பேரில் நாலு பேர் குடும்பத்தோடு வந்திருந்தான்கள். சுகிர்தாவின் மனுசன் கேதீஸ் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான், மாப்பிள்ளை மாதிரி. என்ன படம், என்ன கதை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சினிமாவில் முகம் வரும் என்றால் எங்கள் சனம் எதையும் மறந்துவிடும்.

நான் மாத்திரைப் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைக் கொடுக்க அறைக்காரர் வேலை முடிந்து நேரே வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கமராவுக்குப் பின்னால், கதவடியில் நின்றார்.

ஜெரோம் மீனை எடுத்தான். முள்ளை எடுக்கிறேன் என்று சதையைப் பிசைந்து கூழாக்கி, பஸ்தியனுடைய தட்டில் வைத்தான். கடை முழுக்க ஒரு சத்தம் இல்லை. "கட்" என்றாள் கிளோத்தில்ட்.

கேதீஸ் பெரிய குரலில் சிரித்தான். "அடேய், உது எங்கட நவம் மச்சான்ர வேலையெல்லோ! பரமண்ணைக்கு முள்ளெடுத்துக் குடுக்கிறது!"

"ஓமடாப்பா!" என்றான் பழைய வீட்டு மதியழகன். "எனக்கு என்ர மனிசி கூட முள்ளெடுத்துத் தாறேல்லை!"

எல்லாரும் சிரித்தார்கள். மதியழகனுடைய மனைவி அவன் தோளில் அடித்தாள். பிறகு சிரிப்பு ஒவ்வொரு மேசையாக நின்றது. எந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒவ்வொருத்தருக்காக ஞாபகம் வந்தது. கேதீஸ் டையைத் தளர்த்திக்கொண்டு தட்டைப் பார்த்தான்.

அறைக்காரர் மாத்திரைப் பெட்டியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 26, சனி

காலை: தேத்தண்ணி.

பையில் உடுப்பு வைத்துக்கொண்டிருந்தார். போர்வையையும் மடித்து வைத்தார். வீட்டில் இருக்கிற நல்ல போர்வை அது ஒன்றுதான்.

"எல்லாரும் செய்யுறதெண்டு நினைச்சன்" என்றேன்.

"ஆர் செய்யுறது? சொல்லும் பாப்பம், ஆர் காணும் செய்யுறது?"

யோசித்தேன். என் அப்பா அம்மாவுக்குச் செய்ததில்லை. முதலாளி செய்ததில்லை. இத்தனை வருசம் சாப்பாட்டுக் கடையில் நின்றிருக்கிறேன், ஒருத்தன் செய்து பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மார் செய்வார்கள். அதைத்தான் சொன்னேன். அவருக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது.

"சடங்கு முடியுமட்டும் தங்கச்சி வீட்டில நிக்கிறன்."

"பிறகு?"

"பிறகு பாப்பம்."

லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை: பாண். மதியம்: பாண். இரவு: பாண்.

ஏப்ரல் 30, புதன்

காலை: பாண். மதியம்: கோழிக் குழம்பு. இரவு: அதே கோழி.

கோழியில் பெரிய எலும்புதான். ஒருத்தருடைய உதவியும் தேவையில்லை.

மே 3, சனி

காலை: ஒன்றுமில்லை. மதியம்: சோறு, ரசம்.

படப்பிடிப்பு எங்கள் கடையில் முடிந்தது. தோரணத்தைக் கழற்றினார்கள், குத்துவிளக்கை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்கிறார் முதலாளி. அவருடைய தலையில் வைக்கச் சொன்னேன்.

கிளோத்தில்டைக் கூப்பிட்டு, அந்த முள் எடுக்கிற காட்சியை வெட்டிவிடச் சொன்னேன்.

"இந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான்" என்றாள்.

"எனக்கு வீட்டில் ஆள் இல்லை" என்றேன்.

வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜெரோமுக்கு அது சரியாக வரவுமில்லை, கையை மட்டும் கிட்டத்தில் வைத்து இன்னொரு தரம் எடுக்க இருந்தேன், பரவாயில்லை, வெட்டிவிடுகிறேன் என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்து ஆயத்தமாகப் போயிருந்தேன். நல்ல மனுசர்களோடு சண்டையும் போட முடியாது, அது இன்னும் எரிச்சல்.

அறைக்காரருக்கு போன் எடுத்தேன். எடுக்கவில்லை. நாலு தரம்.

மே 6, செவ்வாய்

காலை: பாண். மதியம்: இரண்டு வடை, ஒரு ரோல்ஸ். எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

கேதீஸ் கடைக்குச் சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்து, குசினி வாசலில் நின்று கையைப் பிசைந்தான்.

"அண்ணை, அண்டைக்கு நான் பகிடிக்குச் சொன்னது. நெஞ்சில வேற ஒண்டும் இல்லை."

"சரி."

"சடங்குப் பலகாரம் நீங்கள்தானே செய்யுறதெண்டு சுகிர்தா சொன்னவ..."

"ஓம்."

"செய்து குடுத்துவிட்டாக் காணும் அண்ணை. சடங்கு ஹோலுக்கு வந்து மினக்கெட வேண்டாம். சனம் பலவிதம். மச்சானுக்கும் சங்கடம்."

"உம்மட மச்சான் சொன்னவரே?"

"இல்லை, இல்லை. நான்தான்..."

போகும்போது தேத்தண்ணி கேட்டான். அதில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, பேசாமல் மீதியையும் குடித்தான். அவனுக்கும் மனம் சரியில்லை போல. எனக்கென்ன.

மே 11, ஞாயிறு

காலை: பாண். மதியம்: சோறு, பருப்பு. சுகிர்தாவுக்கும் அதுதான் கொடுத்தேன், வெட்கமாக இருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு.

"அண்ணைக்கு உடுப்பு எடுக்க வந்தனான். அவற்ர அறை எது?"

இரண்டாவது அறையைக் காட்டினேன். கதவைத் திறந்தாள். அரிசி மூட்டை, உரல், போன ஆட்கள் விட்டுவிட்டுப் போன சூட்கேசுகள், கூரை வரைக்கும். கால் வைக்க இடமில்லை. அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். ஒன்றும் கேட்காமல் மற்ற அறைக்குள் போனாள், அலுமாரியைத் திறந்தாள், அவருடைய சேர்ட்டுகளை என்னுடையதிலிருந்து பிரித்தெடுத்தாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

நான் தேத்தண்ணி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. இத்தனை வருசச் சமையல்காரன்.

"பரமண்ணை, இருங்கோ" என்றாள். இருந்தேன்.

"அண்ணை எங்கட வீட்டில சாப்பிடுறார் இல்லை. மீன் வைக்கிறன். முள்ளெல்லாம் எடுத்து, சதையைத் தட்டின்ர கரையில ஒதுக்கி வைக்கிறார். பேந்து அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஆருக்குக் குடுக்கிறதெண்டு தெரியேல்லை அந்த மனுசனுக்கு. முந்தநாள் ஆரணி, 'மாமா, எனக்குத் தாங்கோ' எண்டு கேட்டுது. குடுத்துப்போட்டு எழும்பிப் போட்டார். எனக்குச் சோறு இறங்கேல்லை."

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேதீஸ் உங்களை வர வேண்டாமெண்டு சொன்னவராம். இப்பதான் தெரியும். அந்தாளுக்கு நான் சொல்லிப்போட்டன். சடங்கு என்ர பிள்ளையின்ர. நீங்கள் வாறியள்."

"பிள்ளை, சனம்..."

"சனம் சாப்பிட்டிட்டுப் போகும். நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லவும் வேண்டாம். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கின அண்டைக்கு எயர்போட்டில நீங்கள் ரெண்டு பேரும் நிண்டியள். அண்டைக்கே எனக்கு விளங்கினது. உங்கள் ரெண்டு பேருக்கும்தான் ஆருக்கும் தெரியாதெண்டு ஒரு நினைப்பு."

என்ன விளங்கியது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் சோறும் பருப்பும் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அலுமாரியில் பாதி காலியாகத் தெரிந்தது. கதவைச் சாத்தி வைத்தேன், அது தானாகத் திறந்து திறந்து நிற்கிறது. பழைய சனியன்.

மே 23, வெள்ளி

பயற்றம் பணியாரம், பயற்றம் பணியாரம், பயற்றம் பணியாரம். பதம் பார்த்தது எத்தனை என்று டாக்டர் கேட்கக் கூடாது.

மே 24, சனி

காலை: பயற்றம் பணியாரம். மதியம்: சடங்குச் சாப்பாடு. இரவு: தேவையில்லை.

ஹோல் நிறையச் சனம். ஆரணி பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, எப்போது முடியும் என்ற முகத்தோடு இருந்தாள். அந்தப் பிள்ளையின் எரிச்சல் எனக்கு நன்றாக விளங்கியது. அறைக்காரர் வேட்டியில் மெலிந்து போயிருந்தார். தேங்காயை உடைத்தார், ஒரே அடியில் இரண்டாகப் போனது. தண்ணீர் வார்த்தார். நான் கடைசி வரிசையில், பலகாரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மதியழகனும் மனைவியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பிறகு படம் எடுக்கிற வேலை. வீடியோக்காரன் மைக்கில் கத்தினான்: "அடுத்தது மாமா குடும்பம்! மாமா, மாமி, பிள்ளையள் மேடைக்கு வாங்கோ!"

அறைக்காரர் தனியாக ஏறினார். ஆரணிக்குப் பக்கத்தில் நின்றார். வீடியோக்காரன் கமராவைத் தூக்கவில்லை. "மாமி எங்க? மாமியைக் கூப்பிடுங்கோ!" என்று திரும்பவும் மைக்கில். அந்த மைக்கைப் பிடுங்கிச் சாம்பாருக்குள் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுகிர்தா மேடை ஓரத்தில் வந்து நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கக் கூப்பிட்டாள்.

"பரமண்ணை! கெதியா ஏறுங்கோ. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

நான் பலகாரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியழகனுடைய மனைவி முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். போகிற வழி முழுக்க ஒவ்வொரு தலையும் திரும்பியது. கேதீஸ் போனை எடுத்து அதற்குள் எதையோ தேடினான். மேடையில் அறைக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். என் கையில் எண்ணெய் மணம், வேட்டியில்லை, பழைய காற்சட்டை. அப்படியே எடுத்துவிட்டான் படத்தை.

குடும்பம் என்று சொன்னது வீடியோக்காரனுடைய வேலைப் பழக்கம். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

இறங்கும்போது அறைக்காரர் முதல் வார்த்தை பேசினார்.

"அந்தப் படக்காரப் பெடியன் வாலில இருந்தெல்லோ முள்ளை இழுக்கிறான். சதையெல்லாம் கூழ்."

"அதை வெட்டச் சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"உமக்காகத்தான்!"

"உம்மை ஆர் வெட்டச் சொன்னது? காட்டுறதெண்டால் ஒழுங்காக் காட்ட வேணும், இல்லாட்டி விட வேணும்." வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "முகம் வருமே?" என்று கேட்டார்.

ஒரு மாதம் என்னைப் பாண் தின்ன வைத்துவிட்டு, கேட்கிற கேள்வியைப் பார்.

மே 28, புதன்

காலை: பாண், சம்பல். பின்னேரம்: சூடை மீன், கமராவுக்கு முன்னால்.

வெட்டச் சொன்ன காட்சிக்கு அறைக்காரரே முள் எடுத்துக் காட்டுவார் என்று கிளோத்தில்டுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தேன். முகம் வராது, கை மட்டும்தான் என்றாள். அறைக்காரருக்கு ஜெரோமுடைய சேர்ட்டை மாட்டினார்கள். பஸ்தியன் வேறு ஊரில் நடித்துக்கொண்டிருக்கிறானாம். எதிர்ப் பக்கத்தில் ஒரு தட்டும் ஒரு கையும் வேண்டும், மங்கலாகத்தான் தெரியும், நீங்களே உட்காருங்கள் என்றாள். வெள்ளைக்காரனுடைய கைக்கு என் கையா என்று கேட்டேன். மேசையில் தட்டு மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். அதற்கு நான் எதற்கு என்று கேட்கப் பார்த்தேன். அவள் அதற்குள் கமராவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மேக்கப் போடுகிற பெண் அறைக்காரருடைய இடது பெருவிரலைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உதென்ன?" என்றார்.

"ஒட்டுற நகம்" என்றேன் நான். "ஒட்டினால் உம்மட கையெண்டு தெரியாது. ஒட்டும். லாச்சப்பலில உந்த விரலைத் தெரியாத ஆள் இல்லை."

அந்த நகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசையில் வைத்தார்.

"நகத்தோட எனக்கு முள் பிடிபடாது."

"எல்லாருக்கும் தெரியப்போகுது."

"முள் பிடிபடாதெண்டுறன், நீர் என்ன."

மீன் வந்தது. தலைப் பக்கம் பிளந்து, நடு முள்ளை ஒரே இழுவையில் தூக்கி, ஓர முள்ளை அந்த நகமில்லாத விரலால் தடவி எடுத்து, சதையை முழுசாக என் தட்டில் வைத்தார். கமராவை ஒரு தரமும் பார்க்கவில்லை.

"சாப்பிடும்" என்றார்.

சாப்பிட்டேன். "கட்!" என்று கத்தினாள் கிளோத்தில்ட். தட்டில் மீன் இருக்க வேண்டுமாம், அதைத்தான் எடுக்க வேண்டுமாம், அதற்குள் தின்றுவிட்டீர்களே என்கிறாள். வைத்தால் சாப்பிடாமல் என்ன செய்வது? திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் சாப்பிட்டுவிட்டேன். மூன்றாம் தரம் அவரே சொன்னார்: "ஒருக்காப் பொறும் காணும், விடிஞ்சால் பொழுதுபட்டால் தின்னத்தானே போறீர்."

நல்ல காலம், என் முகமும் படத்தில் வராது.

மெத்ரோ வாசலில், தங்கை வீட்டுப் பக்கம் போகிற படியில் அவர் இறங்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும். இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், சாப்பாடுதான் என்று சொல்ல வேண்டும். லிப்ட் இன்னும் வேலை செய்யவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினவருக்கு முழங்கால் நோவு, அதற்கும் என்னைத்தான் பேச்சு. அலுமாரிக் கதவு இப்போது சாத்தினால் நிற்கிறது.

காலை: பாண், சம்பல். மதியம்: சோறு, சூடை மீன் தீயல். முள் இல்லை.